கூரை மேல ஆளு

முகட்டை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்தபடி எங்கள் வீட்டு ஓட்டுக் கூரையின் மேல் குப்புறப் படுத்திருக்கிறேன். கன்னத்தில் ஓட்டின் சூடு. மூக்கில் காய்ந்த பாசியின் நாற்றம். கண்ணுக்கு நேரே, கூரையில், ஒரு கதவு அளவுக்குத் திறப்பு. அதன் வழியாக என் வீட்டுக்குள் எல்லாம் தெரிகிறது. பாய், தலையணை, சுவரில் காலண்டர், காலண்டருக்குக் கீழே என் மூன்று வயது மகள் மல்லி.

அவள் அண்ணாந்து பார்த்து, "அப்பா, நீ ஏன் பல்லி மாதிரி இருக்க?" என்கிறாள். கேட்டுவிட்டு இருமுகிறாள்.

பின்கட்டில் ஐந்து பெண்கள் நிற்கிறார்கள். ஐந்து பேர் தலையிலும் எண்ணெய். நெற்றியில் வழிந்து புருவத்தில் தேங்கி நிற்கிற எண்ணெய். ஐந்து பேரும் என்னைத்தான் பார்க்கிறார்கள். அந்தப் பார்வையில் பாராட்டு இல்லை.

கிழக்கே, கடல் பக்கம், வானம் அடிப்பிடித்த பாத்திரம் போல இருக்கிறது.

போன வாரம் இந்தப் பத்தியில் வந்த, நான் சைக்கிள் பழகிய கதையைப் படித்துவிட்டு, "இதைவிடக் கேவலமாக ஒருவர் விழ முடியுமா?" என்று ஒரு வாசகர் கேட்டு எழுதியிருந்தார். முடியும் ஐயா. விழாமலே முடியும்.

வராத ஆள்

எழுபதுகளின் கடைசி. நான் மில்லில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். பெரிய மார்க்கெட்டுக்கு நடந்து போகிற தூரத்தில், ஒரே அறையும் ஒரு அடுப்பங்கரையுமாக எங்கள் வீடு. மண் சுவர், மேலே சுண்ணாம்பு, அதற்கு மேலே நாட்டு ஓடு.

நாட்டு ஓடு பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். நடுவில் பிளந்த மூங்கில் துண்டு மாதிரி இருக்கும். ஒரு வரிசையை மல்லாக்க வைத்து, அதன் விளிம்புகளை மூடும்படி அடுத்த வரிசையைக் கவிழ்த்து வைப்பார்கள். ஆணி கிடையாது, கம்பி கிடையாது. ஒன்றின் மேல் ஒன்று நம்பிக்கையில் உட்கார்ந்திருக்கும். பூனை ஓடினால் நகரும். காக்கை எலும்பைப் போட்டால் உடையும். அதனால் வருஷா வருஷம், ஐப்பசி மழைக்கு முன்னால், எல்லாவற்றையும் எடுத்துத் தட்டித் திரும்ப அடுக்க வேண்டும். ஓடு மாற்றுவது என்று பெயர்.

அதற்கு முந்தைய வருஷம் நாங்கள் மாற்றவில்லை. என் சோம்பல்தான், வேறு காரணம் தேட வேண்டாம். மழை மல்லி படுக்கிற மூலையில் ஒழுகியது. பாயை நகர்த்திவிடலாம், சுவரை என்ன செய்வது? மண் சுவர் நனைந்தால் தை மாதம் வரை காயாது. அந்த ஈரம் குழந்தையின் நெஞ்சில் இறங்கியது. மூச்சு இழுக்கும்போது உள்ளே ஒரு விசில் கேட்கும். அந்த விசிலை எண்ணிக்கொண்டு நானும் என் மனைவி கலாவும் உட்கார்ந்திருப்போம். மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். புறப்படும்போது டாக்டர் சொன்னார்: "மருந்து நான் குடுக்கிறேன். ஈரமில்லாத ஒரு எடம் நீங்க குடுங்க."

அந்த வாக்கியம் ஒரு வருஷம் முழுக்க என் முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது.

எனவே இந்த வருஷம் முன்கூட்டியே ஓடு மாற்றுகிற ஆளிடம் சொல்லிவைத்தேன். வெள்ளிக்கிழமை வருகிறேன் என்றார். மில்லில் லீவு சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். ஏழு மணிக்கு அவருடைய மச்சான் வந்து, "மாமா மூலகுளத்துல ஒரு பெரிய வூட்டு வேலையில மாட்டிக்கிச்சி. அடுத்த வெள்ளி பாக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். முதல் நாள்தான் ரேடியோவில் மீனவர்களைக் கடலுக்குப் போக வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள்.

"வேற யாரயாவது பாருங்க" என்றாள் கலா.

"எதுக்கு? ஓடு மாத்துறது என்ன ராக்கெட் விடுறதா? நானே மாத்துறேன்."

கலா மூலையில் இருந்த ஸ்டூலைப் பார்த்தாள். அது நான் பழுது பார்த்த ஸ்டூல். சுவரில் சாய்ந்து நிற்பதைத் தவிர வேறு எதற்கும் அது உதவுவதில்லை. பிறகு கிழக்கே பார்த்தாள், குழந்தையைத் தூக்கிக்கொண்டாள்.

"தூசி கெளம்பும். நான் இவளுக்கு மருந்து வாங்கிக்கிட்டு, அப்படியே எங்க அக்கா வூட்ல இருந்துட்டு ரெண்டு மணிக்கு வரேன். அதுக்குள்ள மூடிடுவீங்க இல்ல?"

"பத்து மணிக்கே மூடிடுவேன்" என்றேன்.

வெள்ளிக்கிழமையா பாத்து

எங்கள் தெருவில் ஒரு கட்டுப்பாடு உண்டு. எல்லார் வீட்டுப் பின்கட்டிலும் குளிக்கிற இடம் நாலு பக்கம் சுவர்தான், மேலே திறந்தவெளி. ஆகையால் யார் கூரை ஏறினாலும், தென்னை ஏறினாலும், முதலில் அக்கம்பக்கத்து வீடுகளில் நேரில் போய்ச் சொல்ல வேண்டும். ஏறும்போது "கூரை மேல ஆளு" என்று மூன்று முறை குரல் கொடுக்க வேண்டும். வேலை முடிந்து கீழே வந்ததும் "எறங்கியாச்சு" என்று கத்த வேண்டும். அந்த இரண்டாவது குரல் வரும்வரை பெண்கள் ஒருவரும் குளிக்கப் போக மாட்டார்கள்.

மறக்கவே முடியாத விதி. நான் மறந்தேன். அதற்கு வருகிறேன்.

முதலில் பக்கத்து வீட்டு அஞ்சலை அக்காவிடம் போனேன். கட்டட வேலையில் சித்தாளாக இருந்தவர். செங்கல்லைத் தலையில் பன்னிரண்டு அடுக்கி ஏணி ஏறுவார். அன்று வேலை இல்லாததால் வீட்டில் இருந்தார். கையில் எண்ணெய்க் கிண்ணம்.

"அக்கா, நான் கூரை மேல ஏறப் போறேன்."

"நீயா?"

"ஆமாக்கா."

"உன் கூரை மேலயா, இல்ல எங்க கூரை மேல வந்து வுழறதா யோசன இருக்கா?"

"ஒரு மணி நேரம்தான்க்கா."

"வெள்ளிக்கிழமையா பாத்து ஏறுறான் பாரு. பொம்பளைங்க எண்ண தேச்சிக் குளிக்கிற நாளு. சரி, ஒரு மணி நேரம்னா எண்ண ஊறட்டும். எறங்குனதும் சத்தம் குடு."

மற்ற வீடுகளிலும் சொன்னேன். எல்லாரும் அதே கணக்குப் போட்டார்கள். ஒரு மணி நேரம் எண்ணெய் ஊறட்டும். எட்டரை மணிக்குத் தெரு முழுக்க உச்சந்தலையில் எண்ணெய் வைக்கப்பட்டது.

கடைசியாக, எதிர்ப்பக்கம் மாடி வீட்டில் இருந்த முசேயிடம் ஏணி இரவல் வாங்கினேன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற சொல்தா அவர். ஊரில் எல்லாருக்கும் அவர் முசே, அவர் மனைவி மதாம். வெள்ளிக்கிழமை காலையில் மட்டும் மரியாதைக்காக மாடி ஏற மாட்டார். இன்று நான் சொல்லிவிட்டதால் ஒருவரும் குளிக்கப் போவதில்லை என்று தெரிந்து, பிரம்பு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு வந்துவிட்டார். நாற்காலியை என் கூரையைப் பார்க்கத் திருப்பிப் போட்டார். கால் மேல் கால் போட்டுக்கொண்டார்.

கழுவிய ஓடு

மூன்று முறை குரல் கொடுத்துவிட்டுக் கூரை ஏறியதும் எனக்கு முதலில் புரிந்தது, கீழிருந்து பார்க்கிற கூரையும் மேலிருந்து பார்க்கிற கூரையும் ஒன்று அல்ல என்பது. கீழிருந்து அது சாய்வாக இருந்தது. மேலிருந்து அது செங்குத்தாக இருந்தது.

ஓட்டைத் தாங்குகிற வாரைக் கட்டை போகிற இடம் பார்த்துக் கால் வைக்க வேண்டும். நடுவில் வைத்தால் ஓடு உடையும். உட்கார்ந்தபடி, பின்பக்கத்தால் நகர்ந்து நகர்ந்து மேலே போனேன். ஒவ்வொரு நகர்வுக்கும் முசே ஒரு குரல் கொடுத்தார்.

"அத்தான்சியோன்!"

ஜாக்கிரதையாம். அவர் அப்படிக் கத்துகிற ஒவ்வொரு முறையும் எனக்குத் தூக்கிவாரிப் போடும். காலுக்கடியில் ஒரு ஓடு உடையும். "ஆன்" என்பார். அடுத்தது உடைந்தால் "தெ". அப்புறம் "த்ருவா". எனக்குப் பிரெஞ்சில் பதினொன்று வரைதான் எண்ணத் தெரியும். அதைக் கற்றுக்கொண்டது அன்று காலையில்தான்.

மல்லி படுக்கிற மூலைக்கு மேலே ஓடுகளை எடுத்தேன். அடியில் மக்கிய இலை, காக்கை கொண்டுவந்த மீன் முள், ஒரு சோப்பு டப்பா மூடி, விரல் உயரத்துக்கு ஒரு அரசங்கன்று. தண்ணீர் ஏன் உள்ளே வந்தது என்பது விளங்கியது. இத்தனைக்கும் நடுவில் அது வேறு எங்கே போகும்? அந்தக் கன்றைப் பிடுங்கும்போது எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. இந்த விரல் அளவுப் பயலா என் குழந்தையின் நெஞ்சில் விசில் ஊதினான்?

அந்தக் கோபத்தில் அப்படியே மேலே மேலே எடுத்துக்கொண்டு போனேன். ஒரு ஓட்டை எடுத்தால் பக்கத்து ஓடு அதைவிட அழுக்காக இருந்தது. முகடு வரை போய்விட்டேன்.

இங்கேதான் என் அறிவு வேலை செய்தது. எடுத்த ஓட்டைத் தட்டிவிட்டுப் பக்கத்திலேயே அடுக்குவதுதான் தொழில் தெரிந்தவர்கள் வழக்கம். எனக்கு அது போதவில்லை. வாளியில் கயிறு கட்டி, ஓடுகளை எல்லாம் கீழே இறக்கினேன். ஒவ்வொரு வாளிக்கும் நான் இறங்கி, கொட்டிவிட்டு, மறுபடி ஏறினேன். ஒவ்வொரு முறையும் இறங்கியாச்சு, ஏறியாச்சு என்று கத்திக்கொண்டிருக்க முடியுமா? எல்லாம் முடிந்ததும் ஒரேயடியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

பிறகு கிணற்றடியில் உட்கார்ந்து, தேங்காய் நாரும் அடுப்புச் சாம்பலும் வைத்து, எல்லா ஓட்டையும் கழுவினேன். ஆமாம், கழுவினேன். பாத்திரம் தேய்ப்பது போல உள்ளும் புறமும் தேய்த்து, பின்கட்டில் வற்றல் காயப் போடுவது போல வரிசையாகப் பரப்பினேன். பின்னால் இதைக் கேள்விப்பட்ட ஓடு மாற்றுகிற ஆள், பிடித்துக்கொள்ள ஒரு தூண் தேடினார்.

மணி பன்னிரண்டு. பன்னிரண்டு அடித்தால் எங்கள் ஊர் கதவைச் சாத்தும். கடை சாத்தும், ஆபீஸ் சாத்தும், முசேயும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு சாப்பிட்டுத் தூங்கப் போய்விட்டார். எங்கள் ஊரை ஆண்ட பிரெஞ்சுக்காரன் போய்விட்டான், அவனுடைய மத்தியானத் தூக்கத்தை மட்டும் நாங்கள் விட்டுக்கொடுக்கவில்லை.

ஓடு காயும்வரை சற்றுத் தலையைச் சாய்ப்போம் என்று உள்ளே வந்து படுத்தேன். "எறங்கியாச்சு" சொல்ல மறந்தேன்.

ஒரு துண்டு வெயில்

தூங்கும்போது என் மேல் ஒரு துண்டு வெயில் விழுந்திருந்தது. கூரைத் திறப்பின் அச்சு. சூடாக, இதமாக இருந்தது. அது போனதும் விழிப்பு வந்தது.

கண்ணைத் திறந்தால் மேலே வெயில் இல்லை. சாம்பல் நிறத்தில் ஒரு வானம் மட்டும் இருந்தது. வாசலில், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கலா நின்றாள். அவள் என்னைப் பார்க்கவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டரை ஆவுது" என்றாள். அவ்வளவுதான்.

திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். குழந்தையைக் கீழே இறக்கிவிட்டு, அவள் முதுகில் காது வைத்துக் கேட்டாள் கலா. எனக்கு அந்த இடத்திலிருந்தே கேட்டது. விசில் ஆரம்பித்திருந்தது.

என்ன செய்கிறேன் என்று தெரியாமலே ஏணியில் ஏறி முகட்டுக்குப் போய்விட்டேன். போன பிறகுதான் நினைவு வந்தது, ஓடு எல்லாம் கீழே இருக்கிறது. கீழே பார்த்தேன், தலை சுற்றியது. முகட்டைக் கட்டிக்கொண்டேன். முதலில் சொன்ன காட்சி இதுதான்.

பின்கட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு அஞ்சலை அக்கா வந்தார். பின்னாலேயே மற்றவர்கள். கடைசியில், நெற்றியில் எண்ணெய் வழிய, மதாம்.

"யேன்ப்பா, காலையில எட்டரைக்கு வெச்ச எண்ண. மணி என்னா இப்ப? நாங்களும் சொவத்துக்கு இந்தாண்ட இருந்து கூப்புட்டுக் கூப்புட்டுப் பாத்தோம். பதிலே காணம். சரி, புள்ள முகட்டுக்கு அந்தாண்ட வேலையில மும்முரமா இருக்குதுன்னு வுட்டுட்டோம்."

என் வாழ்நாளில் மனிதர்கள் என்னைப் பற்றி அவ்வளவு நல்ல அபிப்பிராயம் வைத்திருந்தது அந்த இரண்டரை மணி நேரம்தான். அதையும் தூங்கிக் கழித்துவிட்டேன்.

"தூங்கிட்டேன்க்கா" என்றேன் மேலிருந்து.

பிறகு அஞ்சலை அக்கா பின்கட்டில் பரப்பிக் கிடந்த ஓடுகளைப் பார்த்தார். குனிந்து ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"கழுவுனியா?"

"ஆமாக்கா."

"மஞ்ச குங்குமம் வெக்கலியா?"

சிரிப்பு வரவில்லை யாருக்கும். உள்ளே மல்லி இருமிக்கொண்டிருந்தாள். மதாம் போய் அவளைத் தூக்கிக்கொண்டார். "எங்க வூட்ல இருக்கட்டும்" என்று கொண்டுபோனார். ஆனால் குழந்தையைத்தான் தூக்கிப் போகலாம், சுவரைத் தூக்கிப் போக முடியுமா? வருகிற மழை ஒரு நாளில் விடுகிற மழை அல்ல. இந்தச் சுவர் இன்று நனைந்தால் தை வரைக்கும் குழந்தை அதன் பக்கத்தில்தான் படுக்க வேண்டும். இது அங்கே நின்றிருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும்.

முசே சத்தம் கேட்டு எழுந்து, தன் பட்டாள மழைக்கோட்டை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். திறப்பின் மேல் போர்த்தச் சொன்னார். அது ஒரு சொல்தாவை மூடுகிற அளவுக்குத்தான் இருந்தது.

எண்ணெய்க் கைகள்

"இவன் எறங்காம நாம குளிக்க முடியாது. கூரைய மூடாம இவன் எறங்க முடியாது" என்றார் அஞ்சலை அக்கா. புடவையைத் தூக்கி இடுப்பில் செருகினார். "வரிசையா நில்லுங்கடி."

"அக்கா, ரெண்டு பேர் பாரம் தாங்காது" என்றேன்.

"ஒரு ஆள் பாரந்தான். உன்ன நான் சேக்கல."

ஏணியில் ஏறி, வாரைக் கட்டையில் கால் வைத்து, நடைபாதையில் வருவது போல வந்து உட்கார்ந்தார். கீழே கலாவும் மற்றவர்களும் பின்கட்டிலிருந்து ஏணி வரை நின்று ஓடுகளைக் கைமாற்றினார்கள். ஏணியின் பாதியில் முசே. அவரிடமிருந்து நான் வாங்கி அக்காவிடம் கொடுக்க வேண்டும்.

முதல் ஓடே வழுக்கியது. எண்ணெய்க் கை. கீழே விழுந்து உடைந்தது.

"தூஸ்" என்றார் முசே. அப்படித்தான் பன்னிரண்டும் தெரிந்துகொண்டேன்.

"ஏய், சாம்பலத் தொட்டுக்குங்கடி" என்று மேலிருந்து கத்தினார் அக்கா. நான் ஓடு கழுவ வைத்திருந்த சாம்பல் கிணற்றடியில் அப்படியே இருந்தது. அதில் கையைப் புரட்டிக்கொண்டார்கள். என் அன்றைய உழைப்பில் உருப்படியாகப் பயன்பட்டது அந்தச் சாம்பல் ஒன்றுதான்.

அதற்குப் பிறகு ஓட்டோடு ஓடு உரசுகிற சத்தம், மூச்சு வாங்குகிற சத்தம். கூரையின் கீழ் விளிம்பான எறவாணத்தில் ஆரம்பித்து மேல் நோக்கி, மல்லாக்க ஒன்று, கவிழ்த்து ஒன்று. அக்காவின் நெற்றி எண்ணெய் ஓட்டின் மேல் சொட்டிக்கொண்டிருந்தது. காற்று திடீரென்று குளிர்ந்தது. மார்க்கெட் பக்கத்திலிருந்து கருவாட்டு வாசனையும் அதற்குப் பின்னால் ஈர மண் வாசனையும் வந்தன. எங்கேயோ மழை இறங்கிவிட்டது. நான் அண்ணாந்து பார்க்கப் போனேன்.

"மேல பாக்காத. கையப் பாரு."

திறப்பு கதவு அளவிலிருந்து ஜன்னல் அளவானது. உடைந்ததை ஈடுகட்ட அடுப்பங்கரைக் கூரையின் ஓரத்தில் இருந்து சில ஓடுகளை எடுத்துக் கொடுத்தாள் கலா. ஜன்னல், விளக்கு வைக்கிற மாடப்பிறை அளவானது. அப்போது கீழே ஓடு தீர்ந்துவிட்டது.

இரண்டு ஓரத்து வரிசைகளிலும் ஒவ்வொரு ஓடு வைக்க இடம் பாக்கி. அக்கா மடியில் இருந்தவை இரண்டு. ஒன்று நல்ல ஓடு. இன்னொன்றில் ஓரம் முதல் நடு வரை கீறல்.

"இது கண்டிப்பா ஒழுகும்" என்றார். "எந்தப் பக்கம் வெக்கட்டும்?"

திறப்பின் வழியே குனிந்து பார்த்தேன். ஒரு பக்கம், காலண்டருக்குக் கீழே, மல்லி படுக்கிற மூலை. மற்றப் பக்கம், சுவரை விட்டு விலகி, அறையின் நடுவில் என் பாய். மத்தியானம் நான் படுத்த குழி அதில் இன்னும் இருந்தது.

"அந்தப் பக்கம்க்கா" என்று காட்டினேன்.

அக்காவும் குனிந்து பார்த்தார். அது யார் பாய் என்று கேட்கவில்லை. கீறல் ஓட்டை அங்கே வைத்து, உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினார்.

முதல் துளி என் கழுத்தில் விழுந்தது. அக்கா ஏற்கெனவே ஏணியில் பாதி இறங்கியிருந்தார். நான் பின்பக்கத்தால் நகர்ந்து நகர்ந்து வந்து சேர்வதற்குள் நன்றாக நனைந்துவிட்டேன். கால் தரையில் பட்டதும் உள்ளே ஓடப் பார்த்தேன்.

"இன்னும் சொல்லல நீ" என்றார் அக்கா. மதாம் தவிர மற்ற நாலு பேரும், எண்ணெயும் சாம்பலுமாக, மழையில் நின்றுகொண்டு என்னைப் பார்த்தார்கள்.

"எறங்கியாச்சு" என்றேன்.

"எங்களுக்குக் கேக்கல."

வாயில் மழை விழ, தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன். அதற்குப் பிறகுதான் நகர்ந்தார்கள்.

விளக்கு வைக்கிற நேரத்தில் மதாம் குழந்தையைக் கொண்டுவந்து கொடுத்தார். கொட்டித் தீர்த்துக்கொண்டிருந்தது. நாலு பக்கமும் இருந்து சீயக்காய் வாசனை எங்கள் வீட்டுக்குள் வந்தது. மல்லியைக் காலண்டருக்குக் கீழே, அவள் மூலையில் படுக்க வைத்தோம். கலா சுவரைத் தடவிப் பார்த்தாள். நானும் தடவிப் பார்த்தேன். ஐந்து நிமிஷம் கழித்து மறுபடியும் தடவினோம். காய்ந்துதான் இருந்தது. ஆனாலும் நம்பிக்கை வரவில்லை.

டொக்.

இருவரும் துள்ளி எழுந்தோம். என் பாயில் விழுந்திருந்தது. நான் ஒரு குண்டானை எடுத்து வந்து அங்கே வைத்து, அதைச் சுற்றி உடம்பை வளைத்துப் படுத்துக்கொண்டேன்.

டொக்.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அஞ்சலை அக்கா குரல் வந்தது. "தம்பி, ஒழுவுதா?"

"இல்லக்கா."

"அப்ப அது இன்னா சத்தம்?"

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். கலா குழந்தையின் முதுகிலிருந்து காதை எடுத்து, என் பக்கம் திரும்பி, உதட்டில் விரல் வைத்தாள்.

"தூங்கிட்டா" என்றாள்.